விரலைவிட்டு வராத மோதிரம்

பழவேற்காடு ஏரியோரத்துப் பசியாவரம் கிராமத்துக் காந்தா மோதிரம் போடுவதில்லை. வலையில் மாட்டினால் விரலையே அறுத்துவிடும். கல்யாணத்தன்று போட்டதைக்கூட மறுநாளே கழற்றிவிட்டாள். கணவன் கேசவனோடு ஏரிக்குப் போவது, நண்டுகளின் கொடுக்கைக் கயிற்றால் கட்டிப் பழவேற்காட்டில் விற்பது என்று வருஷங்கள் ஓடிவிட்டன. கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். மனசு எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும். அப்படியொரு பிறவி.

தை மாதத்தில் ஜெனிஃபர் என்ற சென்னைப் பெண் அவர்கள் படகை வாடகைக்குக் கேட்டு வந்தாள். பழைய நகைகளைப் படமெடுத்து இணையத்தில் விற்பவள். அன்று அவள் கொண்டுவந்தது ஒரு வைர மோதிரம். நடுவில் பெரிய கல், சுற்றிலும் பூவிதழ் போலச் சின்னக் கற்கள். அந்தக் காலத்தில் பெண்கள் விருந்துக்குப் போட்டுக்கொண்டு போவார்களாம். காக்டெய்ல் மோதிரம் என்று பெயராம்.

ஏரி நடுவில் மோதிரத்தைச் சிப்பிமேல் வைத்தாள், படகு விளிம்பில் வைத்தாள். எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, நீங்க கொஞ்சம் போட்டுக்கிறீங்களா?"

"ஐய, இன்னாமா நீ. நண்டு கடிச்ச கை இது."

"பரவால்லக்கா. தனியா பாத்தா உசிரே இல்லாத மாதிரி இருக்கு."

கணுவில் தடுத்த மோதிரத்தை ஜெனிஃபர் மெல்ல அழுத்தி உள்ளே தள்ளினாள். வெயில் கல்லில் விழுந்தது. படகின் பலகையெங்கும், கழி ஊன்றி நின்ற கேசவனின் சட்டையெங்கும் பொடிப்பொடியாய் வெளிச்சம் சிதறியது. காந்தா விரலை அசைத்தாள். வெளிச்சங்களும் மீன்குஞ்சுகளைப் போல நகர்ந்தன. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அது தன் கைதானா என்பதுகூட.

"இத யாரு போட்டிருந்தாங்க?" என்று கேட்டாள்.

"பெங்களூர்ல ஒரு டாக்டரம்மா. வயசான காலத்துல வெளியவே போகலியாம். ஆனா சாயங்காலமானா இதப் போட்டுக்கிட்டு ஜன்னல்கிட்ட ஒக்காந்திருப்பாங்களாம்."

காந்தா தலையாட்டினாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

படமெடுத்து முடிந்தபோதுதான் சிக்கல். மோதிரம் விரலைவிட்டு வரவில்லை. ஜெனிஃபர் முகம் வெளுத்தது. "வூட்டுக்குப் போய் எண்ண போட்டா வந்துடும்" என்று கேசவன் படகைக் கரைக்குத் திருப்பினான்.

கரையிலிருந்து வீடுவரை காந்தா அந்த மோதிரத்தோடு நடந்தாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இருசம்மாள் குடத்தை மறந்தாள்.

"இன்னாடி இது? கேசவன் வாங்கிக் குடுத்தானா?"

"ஆமா" என்றாள் காந்தா, நிற்காமல். பின்னால் வந்த கேசவன் இல்லையென்று சொல்லவில்லை. அந்தத் தெரு அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

தேங்காயெண்ணெய் தடவியதும் மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்தது. விரலில் சிவப்பாய் ஒரு வளையம் பதிந்திருந்தது. பொழுது சாய்வதற்குள் அதுவும் மறைந்தது.

பங்குனியில் கேசவனின் போனுக்கு ஒரு படம் வந்தது. பழுப்பு விரல்கள், கல், பின்னால் ஏரி. கூடவே ஜெனிஃபரின் குரலும்: "அக்கா, வித்துப் போச்சு. மதுரைல ஒரு டீச்சரம்மா, ரிட்டயர் ஆனவங்க, தனக்குத்தானே வாங்கிக்கிட்டாங்க."

காந்தா அந்தக் குரலைத் திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டாள்.

"அந்தம்மா அத எங்க போட்டுக்கினு போவாங்க?"

"யாருக்குத் தெரியும்" என்றான் கேசவன். "ஏரி பாக்க வந்தாங்கன்னா நம்ம படகுலயே ஏத்திக்கலாம்."

காந்தா சிரித்தாள். அந்த அம்மாவை எந்தப் பக்கம் உட்காரவைத்தால் வெயில் நன்றாக விழும் என்று அவள் மனசு அதற்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தது.