மகளை விரட்ட நான் போட்ட திட்டம்

இரண்டு வருடங்களுக்கு முன், என் மகளின் பிளஸ் டூ பரீட்சை முடிந்த ஏப்ரல் மாதத்தில் நடந்தது இது. நாங்கள் இருப்பது இரும்புலியூரில். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை.

அப்போது ஒரு வாரமாக எங்கள் வீட்டில் ஓயாத சண்டை. மகளுக்கு பி.ஃபார்ம் படிக்க வேண்டுமாம். படப்பை தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைக்கும். ஆனால் நான்கு வருடத்துக்கும் சேர்த்து எட்டு லட்சம். கல்விக்கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். வீட்டு லோனே இன்னும் முடியவில்லை. சும்மா விடுவேனா? பார்மசி படித்து வேலைக்குப் போன நாலைந்து பேரைப் பிடித்து விசாரித்தேன். ஆரம்பச் சம்பளத்தைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. அதில் தவணை போனால் பஸ் பாஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும்தான் மிஞ்சும். பக்கத்திலேயே பி.காம். சேர்ந்தால் கடனே வேண்டாம்.

"எனக்குப் பிடிச்சிருக்கும்மா" என்றாள்.

"பிடிச்சிருக்குன்னு சொன்னா பேங்க்ல தவணையைத் தள்ளுபடி பண்ணுவாங்களா?" என்றேன். கணவர் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் செய்தித்தாளை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டார்.

சொல்லிப் பார்த்துப் பயனில்லை என்று தெரிந்ததும் ஒரு திட்டம் போட்டேன். எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பை நடத்துபவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. பார்மசி படித்தவர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அவரிடம் போய், "என் பொண்ணை ஒரு மாசம் கூட வெச்சுக்கோங்க. சம்பளம் எல்லாம் வேணாம். இருக்கறதுலயே சலிப்பான வேலையா பார்த்துக் குடுங்க. அவளே அலறி ஓடி வந்துடணும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "சரி டீச்சர், பார்த்துடலாம்" என்றார்.

முதல் நாள் கொடுத்த வேலை, எல்லா ரேக்கிலும் உள்ள ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் எடுத்து எக்ஸ்பைரி தேதி பார்த்து, மூன்று மாதத்துக்குள் காலாவதியாவதைத் தனியாக எடுத்து வைப்பது. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து செய்ய வேண்டும். எனக்கு உள்ளூர ஒரே குஷி. சாயங்காலம் அழுதுகொண்டு வருவாள் என்று பஜ்ஜி எல்லாம் போட்டு வைத்துக் காத்திருந்தேன்.

தலையெல்லாம் தூசியோடு வந்தவள், "அம்மா, இன்னிக்கு மூணு ரேக் முடிச்சுட்டேன்!" என்று குதித்தாள். ஒரே மருந்தைப் பத்து கம்பெனிகள் பத்து பெயரில் விற்பதையும், அட்டையில் பெரிய எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் உண்மையான பெயர் என்பதையும் பஜ்ஜி ஆறும்வரை சொன்னாள். நான் காதில் வாங்கவே இல்லை.

நாளுக்கு நாள் இந்த உற்சாகம் கூடியதே தவிரக் குறையவில்லை. வீட்டிலும் ஆரம்பித்துவிட்டாள். நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். வாரத்துக்கு வேண்டியதைக் கத்தரிக்கோலால் வெட்டி டப்பாவில் போட்டு வைப்பேன். "தேதி இருக்கற பக்கத்தையே ஏம்மா முதல்ல வெட்டறே? கடையில எதிர்ப்பக்கத்துலேருந்துதான் வெட்டுவோம். அப்பதான் கடைசி மாத்திரை வரைக்கும் தேதி இருக்கும்" என்று பாடம் எடுத்தாள். 'வெட்டுவோம்' என்றாள், கவனித்தீர்களா? எனக்கு எரிச்சலாக வந்தது.

இருபது நாள் ஆகியிருக்கும். அந்தச் சமயத்தில் எனக்கு அடிக்கடி தலை சுற்றும், காலும் லேசாக வீங்கியிருக்கும். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படி ஏறினாலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். வெயில்தான் காரணம் என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து செருப்பைக் கழற்றும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

மகள் தண்ணீர் கொடுத்துவிட்டு என் டப்பாவைத் தூக்கி வந்தாள். அடியில் கிடந்த வெட்டாத மாத்திரை அட்டைகள் இரண்டை அருகருகே வைத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். அவள் முகம் மாறியது.

"அம்மா, இது ரெண்டும் ஒரே மாத்திரை."

ஒன்று தாம்பரம் டாக்டர் கொடுத்தது. இன்னொன்று, இரண்டு மாதம் முன்பு கேளம்பாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போனபோது பிரஷர் ஏறி, அங்கே ஒரு டாக்டர் எழுதியது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுவதை அவரிடம் நான் சொல்லவில்லை. கம்பெனி வேறு, கலர் வேறு, அதனால் மருந்தும் வேறு என்று நினைத்து இரண்டையும் பக்தியோடு விழுங்கி வந்திருக்கிறேன்.

அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா? "இருபது நாள் ரேக் தொடைச்சா டாக்டர் ஆயிடுவியா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் பதிலுக்குக் கோபப்படவில்லை. "நீ என்னை நம்ப வேணாம்மா. கடை அக்காகிட்ட காட்டிட்டு வந்துடலாம்" என்று ஐந்து நிமிட நடைக்கு ஆட்டோ கூப்பிட்டாள்.

கடைக்காரப் பெண்மணி அட்டைகளைப் பார்த்தார். எனக்கு பிரஷர் பார்த்தார். அங்கிருந்தே என் தாம்பரம் டாக்டருக்கு போன் செய்தார். உடனே அனுப்பச் சொன்னார் அவர். போனதும் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டு, எல்.கே.ஜி. பிள்ளையைத் திட்டுவதுபோல என்னைத் திட்டினார். மேம்பாலப் படியில் மயங்கி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். பத்து நாளில் வீக்கமும் போனது, தலைச்சுற்றலும் போனது.

அதற்கப்புறம் ஒரு நாள், மகள் இல்லாத நேரம் பார்த்து நான் மட்டும் கடைக்குப் போனேன். "உண்மையைச் சொல்லுங்க. கடன் வாங்கிப் படிக்கற அளவுக்கு இது நல்ல வேலையா?" என்று கேட்டேன்.

"கஷ்டம்தான் டீச்சர், பொய் சொல்ல மாட்டேன். நானும் கடன் வாங்கித்தான் படிச்சேன். ஏழு வருஷம் கட்டினேன். முதல் ரெண்டு வருஷம் ஒரு நல்ல சுடிதார்கூட எடுக்கல. ஆனா காலையில ஷட்டரைத் தூக்கும்போது, ஐயோ வேலைக்குப் போகணுமேன்னு ஒரு நாளும் பேஜாரானதில்ல" என்றார். பிறகு சிரித்துவிட்டு, "இன்னொண்ணு சொல்லணும். உங்க பிளானை முதல் நாளே அவகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதுக்கு அவ என்ன சொன்னா?"

"'அம்மா சொன்னதைவிடக் கஷ்டமாவே குடுங்க அக்கா. ஒரு மாசத்துல எனக்கே வெறுத்துடுச்சுன்னா நான் பி.காம். போயிடறேன், அவ்வளவு பணத்தை வீணாக்க மாட்டேன்'னா."

கடையில் இருமல் மருந்துக்காக நாலு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நான் சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். கடனை நினைத்துக் கவலைப்பட்டது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேனே!

ஜூனில் மூன்று பேருமாக பேங்குக்குப் போய்க் கையெழுத்துப் போட்டோம். ஹாஸ்டல் வேண்டாம், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். படிப்பு முடியும்வரை வட்டியை நான் கட்டுகிறேன். மாதக் கடைசியில் கையைக் கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் காலையில் அவள் பாடிக்கொண்டே கிளம்பும்போது வீடே கலகலவென்று இருக்கிறது.

எது தனக்குப் பிடிக்கிறது என்று என் மகள் சொன்ன அன்றே நான் நம்பியிருக்கலாம். அதற்கு எனக்கு இருபது நாட்களும் ஒரு தலைச்சுற்றலும் தேவைப்பட்டன என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன.