பெராக்சைடு மாப்பிள்ளை

பாக்டீரியாவை வைத்துப் பிழைப்பவனுக்கு, தான் பார்க்கும் வேலைக்குச் சாட்சியாகக் காட்டக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் இருக்காது. ஆராய்ச்சி என்று இறங்கிச் சொந்தபந்தத்திடம் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா!

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரில் அறை, அரியலூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. கூடவே பிஎச்.டி. ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் பாக்டீரியாவின் டி.என்.ஏ. சேதமாகும். அப்படி அடிபட்ட பாக்டீரியா, இன்னொன்று தரும் மரபணுவைத் தன்னோடு இணைத்துக்கொள்வது கூடுமா, குறையுமா? இதுதான் என் கேள்வி.

ஆறாத புண்

பெராக்சைடை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு அருகே காதர் பாய் மருந்துக் கடையில் வாங்குவேன். வாரம் இரண்டு பாட்டில். புண் கழுவுகிற மருந்து அது. பாய் மரியாதைக்காரர், ஒருநாளும் எதற்கென்று கேட்டதில்லை.

அந்தச் சமயம் வாலிகண்டபுரத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா நல்லமுத்து என்னைப் பற்றி விசாரிக்க பஸ்ஸை விட்டு இறங்கி, கண்ணில் பட்ட முதல் கடையில் கேட்டிருக்கிறார். அது பாய் கடை.

"தங்கமான புள்ளைங்க. அல்லா கிருபையில அந்தப் புண்ணு மட்டும் ஆறிடுச்சின்னா ஒரு கொறையும் இல்ல."

நேரில் விசாரணை

மறுநாளே நல்லமுத்து அரியலூர் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டச் சொல்லி இரண்டு காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புண் இல்லை. "அப்ப மருந்து எதுக்கு தம்பி?" என்றார்.

பாக்டீரியா வளரும் கண்ணாடித் தட்டுகளைக் காட்டி விளக்கினேன். பாக்டீரியாவிலும் ஆண், பெண் என்று சொல்வோம். ஆண் மரபணுவைக் கொடுக்கும், பெண் வாங்கிக்கொள்ளும். வாங்கும் பெண்ணுக்கு முன்கூட்டியே பெராக்சைடு ஊற்றி என்ன ஆகிறதென்று பார்க்கிறேன் என்றேன். இரண்டு வருஷம் தேடி அமைந்த வரன், கைநழுவிவிடுமோ என்றிருந்தது. அவர் ஒரு தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"செய்ங்க தம்பி. என் மவளுக்கு மட்டும் ஊத்திப்புடாதீங்க."

சீர் மிக்சி

கல்யாணம் நடந்தது. சீரில் ஒரு மிக்சியும் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. மரபணு போய்க்கொண்டிருக்கும்போதே, குறித்த நிமிஷத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்தாக வேண்டும். வெளிநாட்டில் இதை மிக்சியில் போட்டு ஒரு சுற்று சுற்றிச் செய்திருக்கிறார்கள். இருபது நாள் பொறுத்துவிட்டு மனைவி தமிழரசியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் மிக்சியைத் தூக்கிப் பரண் மேல் வைத்தாள்.

"எங்கப்பா இத ஒண்ணா சேத்து அரைக்கத்தாங்க குடுத்தாரு, பிரிச்சி விடறதுக்கு இல்ல."

மூன்று மாதம்

மிக்சி இல்லாததால் அட்டெண்டர் கோவிந்தராசுதான் குழாய்களைக் கையாலேயே குலுக்கினார். மணிக்கட்டு வீங்கியது. முடிவு மட்டும் வரவில்லை. பெராக்சைடு ஊற்றிய தட்டிலும் ஊற்றாத தட்டிலும் மரபணு ஒட்டிய பாக்டீரியா ஒரே எண்ணிக்கை. மூன்று மாதம் இதே கதை.

ஒருநாள் கண்ணாடிச் சில்லு என் விரலைக் கிழித்தது. கோவிந்தராசு ஓடிவந்து, பாட்டில் பாட்டிலாக வாங்கி ஜன்னலில் நான் வெள்ளைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைத்திருந்த பெராக்சைடை விரலில் கொட்டினார். புண்ணில் பட்டதும் பொங்க வேண்டிய மருந்து, நுரைக்கவே இல்லை. அரியலூர் வெயிலில் அது என்றைக்கோ வெறும் தண்ணீராகியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்க மனமில்லை. கோவிந்தராசு விரலுக்குக் கட்டுப்போட்டபடி சொன்னார்:

"வுடுங்க சார். தண்ணி ஊத்துனா ஒண்ணும் ஆவாதுன்னு கண்டுபுடிச்சிட்டோம்ல."

முடிவு

புது பாட்டில் வாங்கி, வெளிச்சம் படாமல் ஃபிரிட்ஜில் வைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இந்தத் தடவை தட்டுகள் பேசின. லேசான சேதமென்றால் பாக்டீரியா தன்னைப் பழுது பார்க்கும் கருவிகளை முடுக்கிவிடுகிறது. அந்தக் கருவிகளே வந்த மரபணுவையும் கூடுதலாக ஒட்டவைத்துவிடுகின்றன. சேதம் மிஞ்சினால் மொத்தமும் சாவு. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு வந்த மாமனாரிடம் தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஒருமணி நேரம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"லேசா அடிபட்டா ஒட்டிக்கிது, பலமா அடிபட்டா செத்துப்போவுது. இதுக்கா மாப்ள டாக்டர் பட்டம் தராங்க?"

தந்தார்கள். வாசலில் 'டாக்டர்' என்று பெயர்ப் பலகை மாட்டிய மறுநாள் காலை ஒருவர் காய்ச்சலோடு வந்து நாக்கை நீட்டியதிலிருந்து, நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்வதுதான் என் முழுநேர வேலை.