கழிக்க மறந்த எலக்ட்ரான்

சுமையாவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் என் வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு அது கொஞ்சம் நீளம். தஞ்சாவூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நான் தலைமை வேதியியலாளர். அரிசியில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. சுமையா போன வருஷம் சேர்ந்தாள். நன்னிலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீதின் மகள். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு கல்யாணம், ஷார்ஜாவில் பத்து வருஷக் குடித்தனம். கணவர் ஆஸிம் இன்னும் அங்கேதான். மகளின் படிப்புக்காக இவள் ஊர் திரும்பினாள்.

கம்ப்யூட்டர் போட்ட கணக்கையெல்லாம் பென்சிலால் மறுபடி போட்டுப் பார்ப்பாள்.

"ஏம்மா, உனக்கு வேற வேலை இல்லையா?" என்பேன்.

"பத்து வருஷமா கணக்கே போடல மேடம். ஆசையா இருக்கு" என்று சிரிப்பாள்.

தை மாதம் குடவாசல் பக்கத்து இயற்கை விவசாயிகள் சங்கத்திலிருந்து அரிசி வந்தது. அதில் வீரையன் என்பவரின் பொட்டலத்தில் மட்டும் நெற்பயிரின் குலைநோய்க்கு அடிக்கும் மருந்து இருப்பதாக மெஷின் காட்டியது. அது முதல்கட்டச் சோதனைதான். பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டிய சுத்தமான மருந்து எங்களிடம் தீர்ந்துபோயிருந்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தேனா? சங்கச் செயலாளர் தங்கையனுக்குப் போன் போட்டு, "என்னங்க இயற்கை விவசாயம் பண்றீங்க?" என்று பொரிந்து தள்ளிவிட்டேன். மருந்து அடித்தவரைக் கூட்டத்தில் பேர் சொல்லி நீக்குவது அவர்கள் வழக்கம். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.

புதன்கிழமை வீரையனே வந்து நின்றார். "சத்தியமா நான் அடிக்கலம்மா" என்றார். மெஷின் பொய் சொல்லாது என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அறிக்கையில் சுமையா கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை. வெள்ளிக்கிழமை காலை பென்சில் தாளோடு வந்தாள்.

"மேடம், மெஷின் ஒப்பிட்டுப் பார்க்க நீங்க புதுசா போட்ட பட்டியல்ல எல்லா மருந்தோட எடையும் ஒரே அளவு கூடுதலா இருக்கு. நாலாவது தசமத்துல அஞ்சு."

எங்கள் மெஷின் ஒரு மூலக்கூறின் எடையை நாலு தசமம் வரை சொல்லும். அதற்காக மூலக்கூறின் மேல் ஒரு ஹைட்ரஜனை ஏற்றும். ஏறுவது முழு ஹைட்ரஜன் அல்ல, எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன். நான் முழு ஹைட்ரஜனின் எடையைக் கூட்டிவிட்டு எலக்ட்ரானைக் கழிக்காமல் விட்டிருந்தேன். எட்டு வருஷம் டியூஷன் எடுத்தவள் நான். "எலக்ட்ரானுக்கு எடையே இல்ல, விட்டுத்தள்ளு" என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொன்ன வாய் இது. தராசில் நிறுத்து மோல் கணக்குப் போடுகிறவரை அது சரிதான். நாலாவது தசமத்தை வைத்து இந்தப் பொருளா அந்தப் பொருளா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் சரியில்லை. நாங்கள் அனுமதிக்கும் வித்தியாசமே அந்த எலக்ட்ரானின் எடையைவிடக் குறைவு.

"சரியான எடைய வச்சுப் பார்த்தா வீரையன் அரிசியில மருந்து இல்ல மேடம். கிட்டத்தட்ட அதே எடையில வேற ஏதோ இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, யார்மேல் காட்டுவது? "சுத்த மருந்து வரட்டும், பார்ப்போம்" என்று முறைத்தேன். சென்னைக்கு அவள் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தாள். சனிக்கிழமை மதியம் கூரியரில் வந்தது. அதையும் அரிசியையும் மெஷினில் ஓட்டினோம். மருந்து ஓர் எடையில் வந்தது, வீரையனின் அரிசியில் இருந்தது வேறோர் எடையில் வந்தது. அப்பாடா! நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். சுமையா "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களின் அரிசிக்கும் கணக்கைத் திருத்திப் போட உட்கார்ந்தாள். யாருடையதிலும் மருந்து இல்லை.

தங்கையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீரையனுக்குப் போன் போட்டேன்.

"தப்பு என்னோடதுங்க. உங்க அரிசியில மருந்து இல்ல."

"இத என் சம்சாரத்துக்கிட்டயும் சொல்லிடுங்கம்மா. அவளும் நம்பல. நாலு நாளா எங்கிட்ட பேசல" என்றார்.

போன் கைமாறியது. ஆனந்தவல்லி என்ற அந்த அம்மாவிடம் முதலிலிருந்து சொன்னேன். "ஏங்க, சோறு போடுறேன், உள்ள வாங்க" என்று அவர் தன் கணவரைக் கூப்பிட்டது கேட்டது.