செல்லாத கல்யாணம்

நுவரெலியா கோர்ட்டு வராந்தாவில் கிடந்த ஒரே வாங்கில் என் அக்காவும், அவள் புருஷனின் முதல் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பனி விலகாத காலை. அந்த அம்மா குளிரில் நடுங்குவதைப் பார்த்து, அக்கா தன் கம்பளியின் ஒரு பாதியை அவர் தோளிலும் இழுத்துப் போட்டாள். இந்த வழக்கில் யார் யாருக்கு எதிராளி என்பதே எனக்குப் புரியாமல் போனது.

அக்காவுக்கு லிந்துலையில் பதிவுக் கல்யாணம். தோட்டத்து ஜனங்கள் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம். ரெஜிஸ்டர் செய்துகொள்வதுதான் நல்லது என்று மாப்பிள்ளையே சொன்னார். கோயிலில் தாலியும் கட்டினார். மறுவருஷம் திருச்சிப் பக்கத்திலிருந்து அந்த அம்மா ஒரு பெண் குழந்தையோடு அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்கா இருவருக்கும் சோறு போட்டுவிட்டு, சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளை விடவில்லை. "நீதாண்டி ரெஜிஸ்டர் பண்ணின பொண்டாட்டி, வாடி" என்று எங்கள் வாசலில் வந்து நின்று கத்துவார். அதற்குப் பிறகுதான் அக்காவும் நானும் பஸ் ஏறி, வழக்குப் பேசும் பிரக்கிராசியிடம் போனோம்.

"இது விவாகரத்து இல்லம்மா. மொத சம்சாரம் இருக்கும்போது செஞ்ச கல்யாணம் செல்லாது. ஆரம்பத்துல இருந்தே இல்லேன்னு கோர்ட்டு சொல்லணும்" என்றார் அவர்.

"இல்லாதத எதுக்குங்க கோர்ட்டு இல்லேன்னு சொல்லணும்?" என்றாள் அக்கா.

"பதிவுல இருக்கேம்மா."

"அப்ப இருக்குதுங்களா, இல்லீங்களா?"

அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். எங்களுக்கு மறுபடியும் விளங்கவில்லை.

முதல் கல்யாணம் திருச்சிப் பக்கத்து ஊர்க் கோயிலில் நடந்தது. அதற்குக் காகிதம் கிடையாது. காகிதமுள்ள கல்யாணம் செல்லாது என்று காட்ட, காகிதமே இல்லாத கல்யாணம் நடந்ததாக நிரூபிக்க வேண்டுமாம். மாப்பிள்ளையோ, அந்த அம்மா தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான் என்று சாதித்தார். புருஷன் சோற்றைத் தின்றுகொண்டே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல அந்த அம்மாதான் துணிந்து வந்தார். கல்யாணத்தை நேரில் பார்த்த தன் தாய்மாமனை டயகமத் தோட்டத்திலிருந்து கூட்டியும் வந்திருந்தார். "எம் புள்ளைக்கு அப்பன் யாருன்னு நான் சொல்லாம யாருங்க சொல்றது?" என்று கூண்டில் நின்று கேட்டபோது அவர் குரல் நடுங்கவே இல்லை.

தீர்ப்பு இங்கிலீஷில் வந்தது. கல்யாணம் செல்லாது என்று தமிழில் சொன்னார்கள். அக்கா வெளியே வந்து பிரக்கிராசியைப் பார்த்து, "தாலிய என்ன செய்யணும்னு அதுல சொல்லியிருக்காங்களா ஐயா?" என்றாள். அவர் குடையை விரித்தார். பஸ்ஸில் வரும்போது அவளே அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி அவள் கழுத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு, "என்னம்மா, அவரு தவறிட்டாரா?" என்றார்.

"இல்லீங்க. எனக்குக் கல்யாணமே ஆகலையாம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். மலைக்கு ஏறிய பிறகு, கொழுந்து பறித்தபடியே அழுதாள்.

பிறகு பெண் கேட்டு வந்தவர்களிடம், "மொதல்ல இது எனக்கு வெளங்கட்டும்" என்று சொல்லியே அனுப்பினாள். அந்த மனிதரும் அந்த அம்மாவும் இந்தியாவுக்குப் போனார்கள். அப்புறம் சேதி இல்லை.

போன வருஷம் அக்கா இறந்தபோது, குளிப்பாட்டிய பெண்கள் குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். அவள் சுமங்கலியா, விதவையா, கன்னியா? யாருக்கும் தெரியவில்லை. "வைங்க" என்றேன். தீர்ப்பை நினைத்துச் சொன்னேனா, தாலியை நினைத்துச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. அவள் நெற்றிக்கு அது நன்றாக இருந்தது.