ஆட வேண்டிய மூன்று ரிவெட்டுகள்

என் தங்கையை வீட்டில் டமாரம் என்றுதான் கூப்பிடுவோம். மூன்று வயதில் வைத்த பேர். இப்போது இருபத்தெட்டு ஆகிறது, பேர் மாறவில்லை. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, சாயங்காலம் டிரம்ஸ். அவளைப் பாத்திரக் கடைக்குக் கூட்டிப் போக அம்மாவுக்குப் பயம். ஒவ்வொரு மூடியையும் நகத்தால் சுண்டிப் பார்த்து, "இதுக்குச் சளி பிடிச்சிருக்கும்மா, வேண்டாம்" என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

நான் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகடுகளைச் சேர்த்து ரிவெட் ஆணி அடிக்கிறவன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். படிப்பு எட்டாவதோடு சரி. ஆகையால் அவளுடைய சங்கதியை எனக்குப் பிடிபட்ட மட்டும் சொல்கிறேன்.

டிரம்ஸ் வாசிப்பவரின் வலது கைப் பக்கம் ஸ்டாண்டில் அகலமான ஒரு வெண்கலத் தட்டு இருக்கும். அதற்கு ரைடு என்று பேர். 'தடார்' என்று ஒரே அடியில் கத்தி ஓய்கிற தட்டுகள் வேறு. ரைடு பாட்டு முழுக்கப் பேசிக்கொண்டே வரும். குச்சி நுனி பட்டால் தெளிவாக ஒரு 'டிங்', அதற்கு அடியில் மெல்லிய ரீங்காரம். நடுக் குமிழில் தட்டினால் மணி மாதிரி கேட்கும். ஓரத்துக்குப் போகப் போகச் சத்தம் கனத்துப் பரவும். குழுவில் மற்றவர்கள் எல்லோரும் அதன் மேல் கால் வைத்துத்தான் நடக்கிறார்கள் என்பாள் டமாரம். அவளுடையது இருபத்திரண்டு அங்குலம். கலைந்துபோன ஓர் இசைக்குழுவிடமிருந்து கை மாறி வந்தது. அவளிடம் இருக்கிற ரைடும் அது ஒன்றுதான்.

ஒரு ஹோட்டலில் சனிக்கிழமைதோறும் வாசிக்கிற குழுவுக்கு டிரம்ஸ் ஆள் தேவைப்பட்டது. ஆறு வருஷமாக அவள் ஏங்கிக்கொண்டிருந்த இடம். அந்தக் குழுவின் பியானோக்காரர் அவள் வாசிப்பை ஒரு தடவை கேட்டுவிட்டு, "கை நல்லாத்தான் இருக்கு. ரைடு வறண்டு கெடக்கும்மா. மெதுவான பாட்டுல சத்தம் நீண்டு நிக்கணும். ரிவெட் போட்ட ரைடோட வியாழக்கிழமை வா. இன்னொருத்தரும் வர்றாரு, ரெண்டு பேரையும் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாராம்.

"அண்ணா, ரைடுல மூணு ரிவெட் போடணும்" என்று வந்து நின்றாள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? ரிவெட்டுனா நம்ம வேலைடி!"

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பட்டறைக்கே தட்டைக் கொண்டுவந்தாள். ஓரத்திலிருந்து ஆறரை சென்டிமீட்டர் உள்ளே மூன்று புள்ளி குறித்தேன். அடியில் மரக்கட்டை கொடுத்து, எண்ணெய் விட்டு, டிரில்லை மெதுவாக ஓட்டினேன். அவசரப்பட்டால் தட்டு விரிசல் விட்டுவிடும். டமாரம் மூச்சு விடாமல் நின்றாள். மூன்று துளையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தன. பித்தளை ரிவெட் போட்டு, என் கைக்கே உரிய கச்சிதத்தில் இறுக்கி அடித்தேன். நகம்கூட இடறாது.

குச்சியால் ஒரு தட்டு தட்டினாள். 'டிங்.' அவ்வளவுதான். இருந்த வறட்சி அப்படியே இருந்தது.

"அண்ணா, இது பஸ் இல்ல" என்றாள். "ரிவெட்டு துளைக்குள்ள ஆடணும். ஆடினாத்தான் 'சிர்'னு சத்தம் வரும்."

"ஆடினா அது ரிவெட்டா? போன மாசம் ஆடுச்சுன்னு ஒரு முழு ஜன்னலையே கழட்டி மாட்டினேன்டி!"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி சத்தமாகச் சிரித்தார். "இத்தன வருஷத்துல உன் ரிவெட்டு இறுகிப் போச்சுன்னு கம்ப்ளைன்ட் சொன்ன மொத ஆளு உன் தங்கச்சிதான்யா. நாங்கல்லாம் எதுக்குடா இவன் இப்படி இறுக்குறான்னு மனசுக்குள்ளதான் நெனச்சோம்."

இறுக்கிய ரிவெட்டைத் திரும்ப எடுப்பதுதான் கஷ்டம். தலையை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். டிரில் ஒரு நூல் வழுக்கினாலும் துளை பெருத்துத் தட்டு பாழ். பிறகு வியாழக்கிழமைக்கு அவளிடம் எதுவும் இருக்காது. ஆளுக்கொரு பக்கமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டோம். மூன்றையும் எடுத்து முடிக்கும்போது என் சட்டை நனைந்திருந்தது.

இரண்டாவது தடவை, பிளந்த கால் உள்ள ரிவெட்டுகளைப் போட்டு, கால்களைக் குறடால் லேசாக விரித்தேன். அங்கேதான் வினை. கை தன் பாட்டுக்கு இறுக்கப் போகிறது! டமாரம் என் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தாள்.

"போதும், விடுண்ணா!"

"இன்னும் கொஞ்சம்…"

"விடுன்னா விடு!"

விட்டேன். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, மூன்றுக்கும் ஒரே அளவு. ஆடுவதையும் அளந்துதான் ஆடவிட்டேன்.

தட்டினாள். 'டிங்' என்று விழுந்த சத்தத்தின் பின்னால், தகரத்தில் மணலைத் தூவியது போல ஒரு 'சிர்ர்ர்' கிளம்பி, மெலிந்து மெலிந்து நின்றது. முன்பு ஆறு எண்ணுவதற்குள் அடங்கியது. இப்போது பதினான்கு வரை எண்ணினேன். மேஸ்திரி கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் கேட்டார்.

வியாழக்கிழமை தட்டைப் போர்வையில் சுற்றி நானே சுமந்து போனேன். ஹோட்டல் மாடியில், நாற்காலிகளை அடுக்கி ஓரம் தள்ளிய சின்ன ஹால். போட்டிக்கு வந்தவர் முதலில் வாசித்தார். நன்றாகவே வாசித்தார், பொய் சொல்லக் கூடாது.

பிறகு டமாரம் உட்கார்ந்தாள். மெதுவான பாட்டு. பியானோவுக்கு அடியில் ரைடு மெல்லப் பேசிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரே ஒரு தட்டு. பியானோக்காரர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த 'சிர்ர்ர்' முழுக்கக் கரைகிற வரை யாரும் அசையவில்லை. போட்டிக்கு வந்தவர் மட்டும் மெல்லத் தலையாட்டினார்.

"ரிவெட் யாரும்மா போட்டது?" என்று கேட்டார் பியானோக்காரர்.

"எங்க அண்ணன். ரெண்டு தடவ போட்டாரு."

"ரெண்டாவது தடவ சரியாப் போட்டிருக்காரு. சனிக்கிழம ஏழு மணிக்கு வந்துடு. நாங்க எல்லாரும் கருப்புச் சட்ட."

அடக்கமாகத் தலையாட்டினாள். மாடிப்படியில் மூன்று மூன்று படியாகத் தாவினாள். தெருவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணா! ஆனா என்கிட்ட கருப்புச் சட்ட ஏது?"

என்னிடம் ஒன்று இருந்தது. அம்மா அந்தச் சட்டைக் கையை மூன்று அங்குலம் குறைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். டமாரம் அதைப் போட்டுக்கொண்டு சமையலறை நடுவில் நின்று, இல்லாத ரைடை வலது கையால் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"எங்கயும் இழுக்கலம்மா!" என்றாள்.