ரிஜெக்ட் டப்பா

எழிலரசன் ஒரு காலணாவைக் கந்தல் துணியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் கறுத்து, நகக்கண்ணெல்லாம் பாலீஷ் ஏறியிருந்தது. தொண்ணூற்றொன்றில் அவனுக்குத் தண்டலம் பக்கம் ஒரு பித்தளை உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை. பளபளப்பாக வந்தால் ஓகே. கறை இருந்தால் ரீவொர்க், தேய்த்து அனுப்பலாம். தேறாதது ரிஜெக்ட். பழங்காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்தபோதும் அவனுக்குத் தெரிந்தது அந்தக் கணக்குத்தான். வீட்டில் மூன்று டப்பா வைத்தான்.

சனிக்கிழமை மாலை ஓகே டப்பாவைத் தூக்கிக்கொண்டு சுங்குவார்சத்திரம் போனான். அங்கே லாட்ஜ் நடத்தும் சசிகலாவும் காசு சேர்ப்பவள். மெட்ராஸ் பழங்காசு சங்கத்தில் உறுப்பினர். மறுநாள் அங்கே கண்காட்சி. புது ஆளுக்கு ஒரே ஒரு காசு வைக்க இடம் உண்டு, அதை அவள்தான் பொறுக்க வேண்டும். கண்ணாடிக்கு அடியில் தன் பெயரைப் பார்க்க வேண்டுமென்று அவன் எத்தனை நாளாகக் காத்திருந்தான்!

அவள் ஒன்றை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"இன்னா எழிலு, பாத்திரக் கடையா வெக்கப் போறே? எல்லாத்தையும் தேச்சுக் கீறே!"

"அழுக்கா இருந்திச்சுக்கா."

"அது அழுக்கா? நூறு வருசம் காசு மேல படிஞ்ச நெறம்யா. நீ தேச்ச தேப்புல ராணிக்கு மூக்கே காணோம். தேய்க்காதது எதுனா கீதா?"

"ரிஜெக்ட்ல இருந்திச்சு. பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன். ஒண்ணு மட்டும் எங்க வூட்டுக்காரி எடுத்துகினா. கன்னங்கரேல்னு, ஒரு பக்கம் காளை மாடு..."

"மாடு தெளிவா இருந்திச்சா?" சசிகலா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "ராஜா காலத்துக் காசா இருக்கும்யா, அத்தக் கொண்டா. நாளைக்கு அதான் உன் காசு."

திரும்பும் பேருந்தில் ஓகே டப்பாவைத் திறந்து திறந்து பார்த்தான். நல்லதென்று வைத்ததெல்லாம் குப்பை. குப்பை என்று எறிந்தது நல்லது. அப்படியானால் கம்பெனியில் இத்தனை நாள் எதைப் பார்த்து முத்திரை குத்தினோம்?

வீட்டில் காளைக் காசு எங்கே என்று கேட்டதும் மனைவி அம்சவல்லி சாமி படத்து ஆணியைக் காட்டினாள். மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கியது.

"பாப்பாவுக்கு ஜுரம் வந்தப்ப முனீஸ்வரனுக்கு நேந்து முடிஞ்சேன்."

"ரிஜெக்ட்டையா சாமிக்கு முடிவாங்க?"

"சாமி இன்னா உன்ன மாதிரி இன்ஸ்பெக்ஷனா பண்றாரு?"

"இந்தா, பளபளன்னு ஒண்ணு தரேன். மாத்திக் கட்டு."

"நேந்தத மாத்துவாங்களா? புள்ள தலைல கை வெச்சி நீயே சொல்லு, மாத்தறேன்."

ஜுரம் இறங்கியது மாத்திரையில்தான். அது இருவருக்குமே தெரியும். ஆனாலும் அவன் கை முடிச்சு வரை போய், அவிழ்க்காமல் திரும்பி வந்தது. பிறகு மறுபடியும் போனது. எது ஓகே, எது ரிஜெக்ட் என்று கேட்டால் அப்போது அவனால் சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் காலை அவன் மெட்ராஸ் பேருந்தில் ஏறவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்சவல்லியோடு வடக்குப்பட்டு முனீஸ்வரனிடம் போனான். கோயிலில் அவள் முடிச்சை அவிழ்த்துக் காசை அவன் கையில் வைத்தாள். கொம்பு, திமில், வால் நுனி எல்லாம் அப்படியே இருந்தன.

"போடுய்யா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

காளையின் மேல் விரல் படாமல் விளிம்பைப் பிடித்து உண்டியலில் போட்டான்.