மூட்டைகளுக்கு லிஃப்ட்

எங்கள் மட்டாஞ்சேரி ஃப்ளாட்டின் மொட்டைமாடித் தோட்டத்துக்கு இன்று உரம் வந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகு தங்கும் கசடை உலர்த்திச் செய்த உரம்.

கிருமி இல்லை என்ற லேப் சான்றிதழை அசோசியேஷன்காரர்கள் நேற்றே லிஃப்டுக்குள் ஒட்டிவிட்டார்கள். யாரும் முகம் சுளிக்கக் கூடாதாம்.

மூட்டைகளைக் கொண்டுவந்தவர் முருகேசன், விழுப்புரத்துக்காரர். போன மாதம் எங்கள் செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்தவரும் அவர்தான்.

அசோசியேஷன் செக்ரட்டரி சேட்டன் அவரை வாசலிலேயே நிறுத்தி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"சாக்கெல்லாம் லிஃப்ட்ல வச்சுக்கோ முருகேசா. நீ ஸ்டெப் வழி கேறி வா. ஃபேமிலி யூஸ் பண்ற லிஃப்டாக்கும்."

பட்டனை அழுத்த ஆள் வேண்டுமே என்று மூட்டைகளோடு நான் ஏறினேன்.

ஐந்து மாடி ஏறி அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். நான் சொல்லாமலே வாயில் படாமல் அண்ணாந்து குடித்தார். பிறகு மூட்டையைப் பார்த்துச் சொன்னார்.

"இந்த மாதிரி கசட டேங்க்ல எறங்கி அள்ளுனது நான்தான் சார். அதுக்கு லேப்ல சர்ட்டிபிகேட் குடுத்துட்டாங்க. எனக்கு எந்த லேப்ல குடுப்பாங்க?"

இறங்கும்போதும் அவர் படியில்தான் போனார். நான் லிஃப்டில், அந்தச் சான்றிதழைப் படித்துக்கொண்டே இறங்கினேன்.

உங்கள் ஃப்ளாட் லிஃப்டில் என்ன ஒட்டியிருக்கிறது?